சீனி கிடைக்காத வருஷத்துக் கேக்

என் வயதுக்காரர்களே, மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த உங்களுக்கு அந்த வருஷத்தை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பங்கீட்டுக் கூப்பன் கடைக்குச் சீனி வந்திருக்கிறது என்று யாரோ மலை உச்சியிலிருந்து கத்தினால் போதும், பொய்யா மெய்யா என்று பார்க்காமல் ஓடினோம். உள்ளங்கையில் ஒரு சிட்டிகைச் சீனியை வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மடக்கு என்று சாயத்தண்ணி குடித்தோம். கடைசி மடக்கு வருவதற்குள் கையில் சீனி தீர்ந்துபோய், உப்பும் தேயிலைக் கறையும்தான் நாக்கில் படும். தேயிலையைப் பறித்துக் கொடுத்தது நாம். அதை இனிக்க இனிக்கக் குடிக்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன் கடைகளில் மறுபடியும் சாமான் இல்லாமல் போனதே, அப்போது ஹட்டனில் எங்கள் வீதியில் இருக்கும் இளம் பெண்கள் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். “ஆன்ட்டி, சீனிக்குப் பதிலாத் தேன் ஊத்திக் கேக் போடலாமாமே. ஒங்களுக்கு அளவு தெரியுமா?” என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். சீனி ஒரு கோப்பை போடுகிற இடத்தில் தேன் முக்கால் கோப்பை போதும். தேனே தண்ணீர் மாதிரி இளகி நிற்கும், அதனால் பாலைக் குறைக்க வேண்டும். தேனின் புளிப்பு முறிய அப்பச்சோடா ஒரு சிட்டிகை கூடப் போட வேண்டும். நெருப்பை அடக்கி வைக்க வேண்டும், தேன் கேக் சீக்கிரம் கறுத்துவிடும். இவ்வளவும் சொன்னேன். அவர்கள் போனுக்குள் எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்த அளவுகள் எனக்கு எங்கிருந்து வந்தன என்று அவர்கள் கேட்கவில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

திம்புள்ளப் பக்கம் எங்கள் தோட்டம். அம்மா கல்யாணத்துக்கு முன் துரை பங்களாவில் குசினியில் சமையல் வேலை செய்தவள். அங்கே இருந்த பெரிய இரும்பு அடுப்பில் வேகும் கேக்கை, கதவைத் திறந்து பார்க்காமலே வாசனையை வைத்து இறக்கிவிடுவாளாம். அப்பாவைக் கட்டிக்கொண்டு தொழிலாளர் லயத்துக்கு வந்த பிறகு கொழுந்து பறிக்கும் கூடைதான். எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் கேக் என்ற பேச்சே எழுந்ததில்லை. அதற்கு அடுப்பும் இல்லை, சாமானும் இல்லை.

எனக்குப் பிறகு வெகு காலம் அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. அந்த வருஷம், மழை விட்டுப் பனி தொடங்கிய நாட்களில் தம்பி பிறந்தான். அப்பாவை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற மனிதர், அதிகம் பேசாதவர். வேலை விட்டு வந்ததும் கத்தியை இறவாரத்தில் செருகிவிட்டு, தண்ணீர்ப் பீலிக்குப் போய்க் கைகால் கழுவி, தொட்டிலுக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவன் தூங்கினாலும் பார்த்துக்கொண்டிருப்பார், முழித்தாலும் பார்த்துக்கொண்டிருப்பார்.

“நத்தாருக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம்னு சாமியாரு சொல்லிட்டாரு,” என்றார் ஒரு நாள், கிறிஸ்துமஸுக்குச் சில வாரம் இருக்கும்போது. “எம் மகனுக்கு ஞானஸ்நானம். வந்தவங்களுக்கு வெறுஞ் சாயத்தண்ணியா ஊத்துறது? நீ கேக்குப் போடு.”

அம்மா சிரித்தாள். “சீனி எங்கங்க இருக்கு?”

“அத நான் பாத்துக்கிறேன்.”

தோட்டத்தின் மேல் எல்லையில், டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் மரக்காடு இருந்தது. அங்கே ஒரு பழைய மரத்துப் பொந்தில் தேனீ கட்டியிருந்ததை அப்பா எப்போதோ பார்த்து வைத்திருந்தார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, உதடு ஒரு பக்கமாகத் தொங்கியது. கையில் வாளி நிறையத் தேனடை. எங்கள் வாசல் இஸ்தோப்பில் லயத்துப் பிள்ளைகள் அத்தனையும் கூடிவிட்டன. அம்மா பழைய வேட்டித் துணியில் அடையைப் பிழிந்தாள். சாராயப் போத்தல்களைச் சுடுதண்ணீரில் கழுவி அதில் ஊற்றினாள். பிழிந்த துணியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். நாங்கள் ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்துச் சப்பினோம். கறுத்த தேன். முதலில் இனித்து, தொண்டையில் இறங்கும்போது இருமல் மருந்து மாதிரி லேசாகக் காரம் தட்டும். இத்தனை வயதில் எத்தனையோ தேன் சாப்பிட்டுவிட்டேன். அந்த ருசி எதிலும் இல்லை.

அம்மா பிழிந்து முடியும் வரைக்கும் அப்பா காத்திருந்தார். பிறகு வலது கை ஆள்காட்டி விரலைத் தேனில் தொட்டு, தொட்டிலுக்குப் போய்த் தம்பியின் உதட்டில் வைத்தார். அவன் முகத்தைச் சுளித்தான். அடுத்த கணம் அந்த விரலைப் பிடித்து உறிஞ்ச ஆரம்பித்தான்.

“இங்க பாரு, இங்க பாரு! என்னா இழுப்பு இழுக்கிறான்!” என்று வீங்கிய உதட்டோடு அப்பா கூப்பிட்டார். நானும் அம்மாவும் ஓடிப்போய்ப் பார்த்தோம். மூன்று பேரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு தினமும் அது நடந்தது. வேலை விட்டு வந்து, கை கழுவி, ஒரு தொட்டுத் தேன்.

கேக் அத்தனை சுலபமாக வரவில்லை. அப்பா எங்கிருந்தோ பெரிய பிஸ்கட் தகரம் ஒன்று கொண்டுவந்தார். அம்மா அதன் அடியில் மணல் பரப்பி, மூன்று கல்லின் மேல் ஏற்றி, கீழே, கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு எரித்த தணலும் மூடி மேலே தணலுமாக வைத்தாள். கூப்பனுக்குக் கிடைத்த கோதுமை மா கொஞ்சம். அது பத்தாததால் குரக்கன் மாவும் கலந்தாள். முட்டை எங்கள் கோழி போட்டது. பங்களாவில் சீனிக்குப் பழகிய கை, அதே அளவுக்குத் தேனை ஊற்றிவிட்டது. மேலே கரியாகக் கறுத்து, உள்ளே கூழாகக் கிடந்தது முதல் கேக். அம்மா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஈர்க்குச்சியால் குத்திக் குத்திப் பார்த்தாள்.

“தேனு சீனி இல்ல பாப்பா,” என்றாள் என்னிடம். “சீனி சொன்னதக் கேக்கும். இது அதுபாட்டுக்குத்தான் போகும்.”

கறுத்த மேல்தோலைச் சுரண்டிவிட்டு அந்தக் கேக்கையும் தின்று தீர்த்தோம். இரண்டாவது தடவை தேனைக் குறைத்தாள், பாலையும் குறைத்தாள். உள்ளே வெந்தது, ஆனால் நாக்கின் ஓரத்தில் ஒரு புளிப்பு நின்றது. அப்பச்சோடா போட்டால் சரியாகும் என்று அவளுக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. மேல் தணலைப் பாதியாகக் குறைத்தாள். மத்தியானத்திலிருந்து பொழுது சாயும் வரை, மடியில் பிள்ளையைக் கிடத்திப் பால் கொடுத்துக்கொண்டே அந்தத் தகரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தணல் வெளிச்சத்தில் அவள் முகம் வேர்த்து மினுங்கியது. பிள்ளை பெற்ற உடம்போடு இப்படி நெருப்பு முன்னால் குந்தியிருக்கிறாளே என்று பக்கத்துக் காம்பராவிலிருந்து பெரிய அத்தை, அப்பாவின் அக்கா, எட்டிப் பார்த்துச் சொன்னார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை.

அந்தக் கேக் வந்தது. தேயிலைச் சாயத்தின் நிறம். கத்தி வைத்தால் உதிராமல், ஈரமாக, பஞ்சு மாதிரி விலகியது. ஞானஸ்நானத்தன்று கோயிலிலிருந்து வந்தவர்களுக்கு வாழையிலைத் துண்டில் ஆளுக்கு ஒரு விள்ளல் கொடுத்தோம். கங்காணிக் கிழவர் ஒருவர் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றார். நத்தாருக்கு மறுபடி ஒன்று போட்டாள். சீனிக் கேக் இரண்டு நாளில் காய்ந்துவிடும். இது வருஷப் பிறப்பு தாண்டியும் நாளுக்கு நாள் மெத்தென்று ஆனது. “துரைசானிகூட இப்பிடிப் போட்டதில்ல,” என்று அப்பா லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். என் சிறுவயதில் அம்மா தலை நிமிர்ந்து பீலிக்குப் போனது அந்தக் கொஞ்ச நாட்கள்தான்.

தைப் பிறப்புக்கு முன்னால் தம்பி வெளிக்குப் போவது நின்றது. ஓமத்தண்ணி கொடுத்தார்கள். பிறகு அழுகை சின்னதாகிவிட்டது. தொட்டிலில் அவன் அழுகிறானா என்று குனிந்து கேட்க வேண்டியிருந்தது. இமை பாதி மூடியே கிடந்தது. தூக்கினால் தலை அம்மாவின் கை மேல் துவண்டு சாய்ந்தது. மார்பில் வைத்தால் வாய் பொருந்தும், ஆனால் இழுக்க மாட்டான். பால் கடைவாயால் வழிந்து கழுத்து மடிப்பில் இறங்கும்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவரை நாங்கள் டாக்டர் ஐயா என்போம். அவர் தம்பியை மேசையில் கிடத்தி வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

“தாய்க்குப் பால் பத்தல. அதான் புள்ளைக்குத் தெம்பு இல்ல,” என்றார்.

“பால் இருக்குங்க ஐயா,” என்றாள் அம்மா. “புள்ளதான் இழுக்க மாட்டேங்குது.”

அவர் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

இன்றைக்கும் என் கண்ணில் நிற்பது ஒன்று உண்டு. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து மலை இறங்கி வரும்போது அம்மாவின் ரவிக்கை முன்பக்கம் முழுக்கப் பாலில் நனைந்திருந்தது. குளிர்காற்றில் அது அவள் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பால் இருக்கிறதென்று சிறுபிள்ளை எனக்கே தெரிந்தது. பெரியவர்கள் யாருக்கும் தெரியவில்லை.

பெரிய அத்தைதான் முதலில் அந்த வார்த்தையைச் சொன்னார். “பச்ச ஒடம்போட தணலுக்கு முன்னாலயே குந்தியிருந்தா பால் வெந்து போகாதா? வெந்த பால எந்தப் புள்ள குடிக்கும்?”

“அப்பிடியெல்லாம் இல்ல மதினி,” என்றாள் அம்மா. ஆனால் சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. அவளே நம்பத் தொடங்கிவிட்டாள் என்று இப்போது நினைக்கிறேன். அடுத்த நாள் லயம் முழுக்க அதே பேச்சு. கேக்கைத் தின்ற வாய்கள்தான் பேசின.

அப்பா வேலைக்குப் போகவில்லை. தம்பியை மடியில் வைத்துக்கொண்டே இருந்தார். பால் இறங்கவில்லையென்றால் வேறு எதையாவது இறக்க வேண்டுமே. “தேனு தெம்பு குடுக்கும்,” என்று போத்தலை எடுத்து, விரலால் தொட்டுத் தொட்டு அவன் நாக்கில் தடவினார். “இழுடா ராசா, அன்னைக்கு மாதிரி இழுடா,” என்று கெஞ்சினார். அந்தக் குரலை நான் சுவரோரம் நின்று கேட்டேன்.

டிக்கோயா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி கேட்டார்கள். லொறி வந்தபோது தேவைப்படவில்லை. பனி விலகாத காலைநேரம். தம்பி மூச்சு விட மறந்தவன் மாதிரி அம்மாவின் கையிலேயே நின்றுபோனான்.

தேயிலைப் பெட்டிப் பலகையில் சின்னப் பெட்டி செய்தார்கள். கோயிலுக்குக் கீழே, சிறுபிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய சரிவில் அடக்கம் செய்தோம். சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும் எல்லாரும் மண் போட்டார்கள். அம்மாவை மட்டும் பெண்கள் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார்கள். பால் கட்டிக்கொண்டு அவளுக்குக் காய்ச்சல் அடித்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நேரே காம்பராவின் பின்பக்கம் போனார். அந்தப் பிஸ்கட் தகரத்தைத் தூக்கிக் கல்லில் அடித்தார். நசுங்கியதும் காலால் மிதித்தார். பிறகு பள்ளத்தில் வீசினார். அது பாறையில் மோதி மோதி உருண்ட சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்து, சுவரில் சாய்ந்து கிடந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

“ஒன் கேக்குதான்டி எம் புள்ளையத் தின்னுருச்சி.”

 கேக் போடச் சொன்னது யார் என்று அம்மா கேட்கவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா அந்த வார்த்தையை இரண்டாம் முறை சொன்னதில்லை. திருப்பி எடுத்துக்கொண்டதும் இல்லை. அவர் கெட்டவர் இல்லை, நீங்கள் அப்படி நினைத்துவிடக் கூடாது. குடித்துவிட்டு வந்து அடிக்கிற ஆள் இல்லை. என்னைப் படிக்க வைத்ததும் அவர்தான். தோட்டப் பள்ளிக்கூடம் முடிந்ததும் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளைக் காம்பராவில் ஆயா வேலைக்கு என்னை அனுப்பச் சொன்னார்கள். “எம் மகளை அனுப்ப மாட்டேன்” என்று சொல்லி, ஹட்டனுக்குப் பஸ் ஏற்றிவிட்டார். ஆனால் எங்கள் வீட்டில் அந்த வார்த்தை ஒரு ஆள் மாதிரி கூடவே குடியிருந்தது. ஒவ்வொரு நத்தாருக்கும் மற்ற வீடுகளிலிருந்து பலகாரம் வரும். அம்மா வாங்கி மூடி வைப்பாள். அவள் கையால் கேக் போட்டு நான் அதன் பிறகு பார்க்கவில்லை. தம்பிக்கு அடுத்து அவளுக்குப் பிள்ளையும் பிறக்கவில்லை.

நான் மருத்துவிச்சி வேலைக்குப் படித்தேன். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறேன். லயம் லயமாக நடந்து, எத்தனையோ பிள்ளைகளை என் கையில் ஏந்திவிட்டேன். பால் இழுக்காத பிள்ளையைக் கண்டால் மட்டும் அந்த வீட்டை விட்டு எழுந்து வர மாட்டேன்.

வேலையில் தலைநரைத்த பிறகு ஒரு பயிற்சி வகுப்புக்குக் கண்டிக்கு அனுப்பினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு, பாதிப் பேர் தூங்கி வழிந்துகொண்டிருந்தோம். சொல்லிக்கொடுக்க வந்த டாக்டரம்மா, ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கவே கூடாது என்று ஆரம்பித்தார். மண்ணிலும் தூசியிலும் இருக்கிற ஒரு கிருமியின் விதை சில வேளை தேனிலும் இருக்கும். பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது. பச்சைப் பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சைக் கக்கும். முதலில் மலம் கட்டும். அழுகை மெலியும். இமை தொங்கும். கழுத்து நிற்காது. பால் இழுக்க வலு இருக்காது.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் நோயைச் சொல்லவில்லை, எங்கள் காம்பராவைச் சொல்லிக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்ததும் அவரிடம் போய்க் கேட்டேன். அப்படி இருந்திருக்கலாம் என்றார். எல்லாப் பிள்ளைக்கும் தேனால்தான் வருகிறது என்று இல்லை, வெறும் தூசியாலும் வரும், இவ்வளவு காலத்துக்குப் பிறகு யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். நல்ல மனுஷி. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வார இறுதியில் தோட்டத்துக்குப் போனேன். ரயிலில் வந்தவள் ஹட்டனில் இறங்கி, பஸ் பிடித்து, சந்தியிலிருந்து நடந்தேன். போகும் வழியெல்லாம் ஒரே கணக்குத்தான். அம்மா மீதிருந்த பழியை எடுத்துவிடலாம். எடுத்து எங்கே வைப்பது? அப்பாவுக்கு அப்போது கண்ணில் புரை விழுந்திருந்தது. இஸ்தோப்பில் உட்கார்ந்து, என் காலடிச் சத்தத்தை வைத்து “பாப்பாவா?” என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்தபோது என் முகத்தைத் தடவிப் பார்த்தார். அதே விரல்கள்.

அம்மா சாயத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

“கண்டியில என்னா சொல்லிக் குடுத்தாங்க?” என்று வழக்கம் போலக் கேட்டாள்.

“பச்சப் புள்ளைங்களுக்கு வர்ற நோயப் பத்திம்மா,” என்றேன். சாயத்தண்ணியை ஓரமாக நகர்த்தினேன். “அம்மா, தம்பிக்கு வந்தது என்னா நோயின்னு எனக்கு இப்பத் தெரியும்.”

கீரை ஆய்கிற கை நின்றது. அப்பாவின் தலை என் பக்கம் திரும்பியது.

“தணலுக்கு முன்னால குந்துனா பால் வேகாது. எந்தத் தாய்க்கும் வேகாது. ஒங்க பால்ல ஒரு குத்தமும் இல்ல. ஒங்க கேக்குலயும் இல்ல. அது ஒரு கிருமி. நரம்பப் புடிச்சிரும். அதான் அவனால இழுக்க முடியல. நீங்க அன்னைக்கே சொன்னீங்களே, பால் இருக்கு, புள்ளதான் இழுக்கலன்னு. நீங்க சொன்னதுதாம்மா சரி.”

“எங்கருந்து வருது அந்தக் கிருமி?” என்று கேட்டார் அப்பா.

“மண்ணுல இருக்கும்ப்பா. தூசியில இருக்கும். யாராலயும் தடுத்திருக்க முடியாது.”

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

அம்மா மடியிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள். பிறகு அப்பா இருந்த பக்கம் திரும்பினாள்.

“கேட்டீங்களா?” என்றாள்.

“கேட்டேன்.”

“நல்லாக் கேட்டீங்களா?”

“கேட்டேன் புள்ள,” என்றார் அப்பா.  “அன்னைக்கு நான் சொன்னது தப்பு. பெரிய தப்பு. மனசுல வச்சிக்காத.”

அம்மா ஆய்ந்த கீரையை அள்ளிக்கொண்டு எழுந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அழுதவர் அப்பாதான். பார்வை இல்லாத கண்ணிலிருந்து நீர் வழிய, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் அம்மாவின் பின்னால் பீலிக்குப் போனேன். பீலித் தண்ணீர் கல்லில் விழுந்து இரைந்துகொண்டிருந்தது. அம்மா கீரையை அலசினாள். தலையை நிமிர்த்தாமலே, அந்த இரைச்சலுக்குள் எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்:

“தேன்தானே?”

நான் கீரைச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“கை கழுவிட்டு வந்து வெரல்ல தொட்டுத் தொட்டு வச்சாரே. அந்தத் தேன்தானே, பாப்பா? ரொம்ப நாளா எனக்கு அது மனசுல ஓடிக்கிட்டேதான் இருந்திச்சு. தேன வாயில வச்ச பொறகுதான் புள்ள சோந்து போனான்.”

“ஏம்மா அப்பவே சொல்லல?”

அவள் கீரையிலிருந்த தண்ணீரை உதறினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவருகிட்டச் சொல்லிராத,” என்றாள். “அவரு தாங்க மாட்டாரு.”

பிறகு கீரைச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்பா இருந்த இஸ்தோப்பைப் பார்த்து ஏறிப் போனாள்.